ஆசனமும் கச்சையும்

தமிழாசிரியர் ஒருவர் கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை வரைவாராயின், அது இலக்கணத்தையோ இலக்கியத்தையோ பற்றியதாகவே இருக்குமென அன்பர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. யாமோ மோட்டார் வண்டியின் ஆசனத்தைப் பற்றி எழுதப் புகுந்துள்ளோம். நகைப்போர் நகைக்க, காரணத்தை மட்டும் கேட்டருள்க.

எம்மிடம் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவர் இன்று இலண்டன் மாநகரிலே கணக்காளராயிருக்கின்றார். அவரிடம் மாஸ்டா எம். எக்ஸ். 5 என்னும் வண்டி ஒன்றுண்டு. 1989 ஆம் ஆண்டில் அறிமுகமான அவ்வகை வண்டி இருவர் மட்டுமே அமரத்தக்கது. துணிக்கூரையை மடித்துவிட்டால் வானமே கூரை. சென்ற ஆண்டு விடுமுறையில் யாம் அவர் இல்லத்தில் விருந்தினராய்த் தங்கியிருந்தோம். அப்போது, வண்டியின் ஆசனங்கள் இரண்டையும் அகற்றிப் பந்தய ஆசனங்களும் பந்தயக் கச்சைகளும் பூட்ட அவர் எண்ணியிருந்தார். கென்ற் பகுதியிலுள்ள பிராண்ட்ஸ் ஹட்ச் பந்தயத் திடலில், பொதுமக்களும் கட்டணஞ் செலுத்தித் தம் வண்டிகளை விரைந்து ஓட்டிப் பழகும் நாட்கள் உள. அதிலே அவருக்கு ஆசை. ஆனால், சனிக்கிழமைதோறும் ஆறு வயது மகளைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வதும் அதே வண்டியே.

“ஐயா, நீங்களும் வாருங்கள்” என்று அழைத்தார், உடன் சென்றோம். கடையிலே செந்நிற ஆசனம் ஒன்று அவர் கண்ணைக் கவர்ந்தது. விலையோ மலிவு. நான்கு முனைகளிற் பூட்டும் கச்சையும் அதனோடு சேர்த்துத் தருவதாகக் கூறினர். அங்கிருந்த முதிய பொறிவினைஞர் ஒருவர் மட்டும் ஆசனத்தைப் புரட்டிப் பார்த்து, “முத்திரை எங்கே?” என வினவினார். மோட்டார்ப் பந்தயங்களை ஆளும் எவ். ஐ. ஏ. என்னும் சர்வதேசச் சம்மேளனத்தின் 8855-1999 என்ற நியமத்துக்கு அமைந்த ஆசனமாயின், அந்த முத்திரை அதில் இருக்கும்; செய்த நாளிலிருந்து ஐந்தாண்டுகளே அதன் ஆயுள். செந்நிற ஆசனத்தில் நிறமிருந்தது, முத்திரை இல்லை.

அடுத்து அம்முதியவர் எம் கையில் ஒரு நீண்ட தடியைத் தந்தார். மாணவரைத் தலைக்கவசத்துடன் வண்டியில் அமரச்செய்து, முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கும், கவிழ்காப்புக் கம்பி வரவேண்டிய இடத்தின் உச்சிக்கும் குறுக்கே அதனைப் பிடிக்கும்படி சொன்னார். தலைக்கவசம் தடியின் கீழ் அடங்க வேண்டும். எம் மாணவர் நெடியவர். தலைக்கவசம் தடியை மேலே தள்ளியது. வண்டி கவிழ்ந்தால் நிலத்தை முதலில் தொடுவது எதுவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெல்லிய அடித்தளமுள்ள பந்தய ஆசனத்தின் மெய்ப்பயன் அங்கேதான் விளங்கியது. அது விலாவை அணைப்பது ஒரு நன்மை. ஆளைத் தாழ்த்தி அமர்த்துவது அதனினும் பெரிய நன்மை.

கச்சையின் செய்தி இன்னும் நுட்பமானது. இன்று நாம் அணியும் மூன்று முனை ஆசனப்பட்டியை 1959 ஆம் ஆண்டில் வொல்வோ நிறுவனத்துக்காக அமைத்தவர் நில்ஸ் போலின் என்னும் பொறியியலாளர். விமானத்திலிருந்து விமானியை வெளியே எறியும் ஆசனங்களை முன்பு அமைத்தவர், பின்பு மனிதனை ஆசனத்திலே இருத்தி வைக்கும் வழியைக் கண்டார். அப்பட்டி உடலைத் தடுத்தாலும் முற்றாகச் சிறைப்படுத்துவதில்லை. பந்தயக் கச்சையோ சிறைப்படுத்துகின்றது. கவிழ்காப்புக் கம்பியில்லாத வண்டி கவிழுமாயின், நிமிர்ந்தபடி கட்டுண்டவன் பக்கம் சாயவும் இயலாது. பாரம் அவன் தலைமேலேயே இறங்கும்.

நான்கு முனைக் கச்சைக்கு வேறொரு குறையும் உண்டு. தோட்பட்டிகளை இறுக்குந்தோறும் இடுப்புப்பட்டி மேலேறி மெல்லிய வயிற்றை அடையும். மோதும்போது உடல் அதன் கீழே வழுக்கிச் செல்லும். அதனைத் தடுப்பதற்கே தொடைகளின் இடையே வரும் பட்டிகள் உள. எனவே ஆறு முனைக் கச்சையே தக்கது. இடுப்புப்பட்டியை இடுப்பெலும்பின்மேல் தாழ்வாக முதலில் இறுக்கித் தோட்பட்டிகளைப் பின்னரே இறுக்க வேண்டும். தோட்பட்டிகள் பின்புறமாக ஏறத்தாழக் கிடையாகச் செல்ல வேண்டும். வண்டியின் தரையிலே செங்குத்தாகப் பூட்டினால் மோதலின்போது முள்ளந்தண்டை அவை அமுக்கும்.

இவ்வளவும் செய்தாலும் உடல் நிற்க, தலை முன்னோக்கிப் பாயும். அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தய வீரர் டேல் ஏர்ன்ஹார்ட் 2001 பெப்ரவரி 18 ஆம் நாள் டேற்றோனாவில் மாண்டது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தமையாலேயே. தலையையும் கழுத்தையும் காக்கும் ஹான்ஸ் என்னும் கருவியைப் பேராசிரியர் றொபேட் ஹபாட், பந்தய வீரர் ஜிம் டவுனிங் ஆகியோர் 1980களிலேயே ஆக்கியிருந்தனர். ஏர்ன்ஹார்ட் அதனை அணிந்திருக்கவில்லை. 2003 முதல் போர்மியுலா 1 பந்தயங்களில் அது கட்டாயமாயிற்று.

ஆசனம், கச்சை, கம்பி, தலைக்கவசம், கழுத்துக்காப்பு ஆகிய ஐந்தும் சேர்ந்தே ஒரு காப்பு. எழுவாயும் பயனிலையும் இயையாவிடத்துச் சொற்கள் எத்துணை அழகியனவாயினும் வாக்கியம் அமையாது. இங்கே பிழைபடுவது வாக்கியமன்று, உயிர்.

மாணவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “பிள்ளையின் இருக்கையை எப்படிப் பூட்டுவது?” என்றார். இங்கிலாந்தின் சட்டப்படி, பன்னிரண்டு வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம், இரண்டில் முந்துவது எய்தும்வரை பிள்ளைகளுக்குத் தனிக் காப்பிருக்கை வேண்டும். அவர் மகளின் இருக்கை மூன்று முனைப் பட்டியோடு பயன்படுவது. பந்தய ஆசனத்தின் உயர்ந்த விளிம்புகளுக்கிடையே அது அமராது.

முடிவு அக்கணமே பிறந்தது. மகளின் பக்கம் பழைய ஆசனமும் பழைய பட்டியுமே நிலைக்கும். கையிலிருந்த பணத்துக்குக் கவிழ்காப்புக் கம்பி முதலில் வரும். முத்திரையுள்ள கருநிற ஆசனமும் ஆறு முனைக் கச்சையும் கழுத்துக்காப்பும் ஓட்டுநர் பக்கத்துக்கு மட்டும் பின்னர் வரும். தெருவில் ஓட்டுகையில் மூன்று முனைப் பட்டி, திடலிலேயே கச்சை. அதுவரை பிராண்ட்ஸ் ஹட்ச் காத்திருக்கும். செந்நிற ஆசனத்தைத் திரும்பிப் பார்த்தபடியே அவர் கடையை விட்டு வெளியேறினார். ஆசையைத் துறப்பது எவர்க்கும் எளிதன்று.

மாணவர்காள்! பந்தய வண்டி உங்களுக்கு வாய்க்கலாம், வாய்க்காமலும் போகலாம். ஆயினும், பொலிசாரைக் கண்டவுடன் மட்டும் ஆசனப்பட்டியை இழுத்துப் பூட்டும் வழக்கம் நம்மிடையே உண்டன்றோ? அப்பட்டி பொலிசாருக்காக நெய்யப்பட்டதன்று; வீட்டு வாயிலிலே உங்கள் வரவை நோக்கி நிற்போருக்காக நெய்யப்பட்டது. விழாக் காணும் எம் கல்லூரித் தாயும் அவ்வாயிலில் நிற்பவளே.