ஸ்கேனரும் பழைய குரூப் போட்டோவும்



பழைய குரூப் போட்டோக்களை ஸ்கேன் செய்து போடுகிறேன் என்று பொங்கலன்று சொல்லியிருந்தேன். தாமதத்துக்குக் காரணம் என் ஸ்கேனர். பன்னிரண்டு வருடமாக உழைக்கிறது, கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. புது லேப்டாப்பில் செருகினால் டிரைவர் இல்லை என்கிறது. கம்பெனிக்குப் போன் போட்டேன். "அந்த மாடலுக்கு இனி டிரைவர் வராது சார், புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். கோபம் வந்தது.

தங்கை மகன் வந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். ஸ்கேனர் உடனே ஓடியது! எப்படி என்று பெங்களூரில் டிரைவர் எழுதும் நம் மாணவன் ஒருவனிடம் கேட்டேன். (லாரி டிரைவர் இல்லை. கம்ப்யூட்டரைக் கருவிகளோடு பேச வைக்கும் நிரலுக்கும் அதுதான் பெயர்.)

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கர்னல் என்பது தலைமையாசிரியர் அறை. சாவிக்கொத்து, மணி, பதிவேடு எல்லாம் அங்கே. அங்கே உட்கார்ந்த டிரைவருக்கு வேகம் அதிகம், ஆனால் அது தப்புச் செய்தால் பள்ளிக்கூடமே நின்றுபோகும். வெளியே இருக்கும் வகுப்பறைதான் யூசர் ஸ்பேஸ். அங்கே ஒரு பையன் மயங்கி விழுந்தால் தண்ணீர் தெளித்து எழுப்பலாம், மற்ற வகுப்புகள் நடக்கும். என்ன, எதற்கெடுத்தாலும் ஹெச்.எம். அறை வாசலில் போய் நின்று கேட்க வேண்டும். ஸ்கேனரே ஊர்ந்து போகிற சாதனம், அதற்கு வகுப்பறை போதும். லினக்ஸில் முன்பு யூஎஸ்பி ஸ்கேனர் டிரைவர் கர்னலுக்குள் இருந்ததாம். 2004 வாக்கில் எடுத்துவிட்டார்கள். இப்போது சேன் என்ற இலவசத் தொகுப்பு வெளியிலிருந்தே பேசுகிறது.

அடுத்துச் சொன்னதுதான் உறுத்தியது. லினக்ஸ் கர்னல் 1992 முதல் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. அதை மாற்றி விநியோகிப்பவர் மூல நிரலையும் கொடுக்க வேண்டும். கர்னலோடு ஒட்டும் டிரைவருக்கும் அது பொருந்துமா என்பதில் ஓயாத சண்டை. ஆனால் வெளியே நின்று முறையாகக் கேட்டு வாங்கும் நிரல்களை இது கட்டுப்படுத்தாது என்று டோர்வால்ட்ஸ் உரிமத்தோடே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்.

"அதான் சார், நாங்க உள்ளே சின்னதா ஒரு துண்டு எழுதி அதோட மூலத்தைக் கொடுத்துடுவோம். முக்கியமானதெல்லாம் வெளியே. அதைக் காட்ட வேண்டியதில்லை."

"தப்பில்லையாடா?"

"உரிமமே அனுமதிக்குது சார்."

என்னால் மறுக்க முடியவில்லை. ஆனாலும் விடவில்லை. "பன்னிரண்டு வருஷம் கழிச்சு உங்க கம்பெனி டிரைவரை நிறுத்திட்டா, அந்தக் கருவியை யாருடா எழுப்புவா?" என்றேன். என் ஸ்கேனர் பிழைத்தது வகுப்பறையில் இருந்ததால் மட்டுமில்லையே. யாரோ அதன் பேச்சைக் கண்டறிந்து எல்லோரும் படிக்கும்படி எழுதி வைத்ததால்தானே?

சற்று நேரம் பேசவில்லை. "அதை முடிவு பண்ற இடத்துல நான் இல்ல சார்" என்றான். வீட்டுக்கடன் கட்டுகிறவன், நான் மேலே கேட்கவில்லை.

முதல் போட்டோ கீழே. 1987, ஐந்தாம் வகுப்பு. இரண்டாவது வரிசையில் வலமிருந்து மூன்றாவதாகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவன் யார் என்று சொல்லுங்கள். பெங்களூர்க்காரன் இல்லை, அவன் அன்றைக்கு லீவு.