வீட்டைச் சுற்றி இருந்ததை வரைந்த மனிதர்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். ஆசிரியர்களாக இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒஸ்கார் ரபின் என்று ஒரு ஓவியர். 1928இல் மொஸ்கோவில் பிறந்தவர். தாயும் தகப்பனும் வைத்தியர்கள். இரண்டு பேரையும் சின்ன வயதிலேயே இழந்துவிட்டார். க்ரொபிவ்னிட்ஸ்கி என்ற ஓவியர்தான் அவருக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்தார். பிறகு அந்த ஆசிரியரின் மகள் வலென்டினாவையே முடித்தார். அவரும் ஓவியர்தான்.

அந்தக் காலத்து சோவியத் நாட்டில் ஓவியர் என்றால் கலைஞர் சங்கத்தில் அங்கத்தவராக இருக்க வேண்டும். கண்காட்சி, வேலைக்கூடம், வருமானம் எல்லாம் அதன் ஊடாகத்தான். சங்கம் எதிர்பார்த்தது சிரித்த முகத்தோடு நிற்கும் தொழிலாளியை, விளைந்து கிடக்கும் வயலை.

ரபின் குடியிருந்ததோ மொஸ்கோவுக்கு வெளியே லியனொசோவோ என்ற இடத்தில். முன்பு கைதிகள் முகாமாக இருந்த பலகைக் கட்டடம், அதில் ஓர் அறை. புகையிரதப் பாதையில் வேலை பார்த்துக்கொண்டே படம் வரைந்தார். என்ன வரைந்தார்? சாய்ந்து நிற்கும் குடில்கள், பத்திரிகைத் தாளில் வைத்த உப்பு மீன், சாராயப் போத்தல், மங்கலான விளக்கு. நிறங்கள் எல்லாம் இருட்டு. யாரையும் ஏசவில்லை, எந்தச் சுலோகமும் எழுதவில்லை. தன்னைச் சுற்றி இருந்ததை வரைந்தார், அவ்வளவுதான். அதுதான் குற்றமாகிப் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறைக் கதவைத் திறந்து வைப்பார். விரும்பியவர்கள் வந்து படங்களைப் பார்க்கலாம். 1965இல் லண்டனில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. அதைப் பார்க்க அவர் போக முடியவில்லை.

1974 செப்டெம்பர் 15. மண்டபம் கிடைக்காத ஓவியர்கள், மொஸ்கோவின் ஓரத்தில் ஒரு வெறும் வளவில் படங்களோடு கூடினார்கள். அங்கே மரம் நடும் வேலை நடக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். மரம் நட புல்டோசரும் தண்ணீர் பீய்ச்சும் வாகனமும் எதற்கு? படங்களைப் பிடுங்கி மிதித்தார்கள். ரபின் புல்டோசரின் முன்தகட்டைப் பிடித்துத் தொங்கினார். அது அவரையும் இழுத்துக்கொண்டு ஓடியது.

வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் அங்கே இருந்ததால் செய்தி உலகம் முழுக்கப் போனது. இரண்டே வாரத்தில், செப்டெம்பர் 29, இஸ்மாயிலோவோ பூங்காவில் 4 மணித்தியாலக் கண்காட்சிக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது.

ஆனால் அவரை விடவில்லை. 1978இல் பிரான்ஸுக்குப் போயிருந்த நேரம் குடியுரிமையைப் பறித்தார்கள். தன்னுடைய சோவியத் கடவுச்சீட்டையே பெரிதாக ஒரு ஓவியமாக வரைந்த மனிதர் அவர். கடைசியில் அந்தக் கடவுச்சீட்டே அவருக்கு இல்லாமல் போனது. குடியுரிமை திரும்பக் கிடைத்தது 1990இல். ஆனாலும் பாரிஸிலேயே வாழ்ந்து, 2018இல் 90 வயதில் காலமானார்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் 'எனது வீடு' என்று தரம் 7 பிள்ளைகளுக்குச் சித்திரம் கொடுத்தேன். எல்லோரும் மலை, சூரியன், ஓட்டு வீடு, பூமரம் என்று வரைந்தார்கள். ஒரு மகன் மட்டும் தகரக் கூரையும், ஒழுகும் இடத்தில் வைத்த வாளியும், அதற்குப் பக்கத்தில் சுருட்டி வைத்த பாயும் வரைந்திருந்தான். அடுத்த நாள் பாடசாலைக்கு அதிகாரிகள் வருவதாக இருந்தது. "இது வேணாம் மகன், வடிவா ஒண்டு கீறுங்க" என்று சொல்லி அதைக் கழற்றி எடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மலையும் சூரியனும் வரைந்து தந்தான். நான்தான் அதைச் சுவரில் ஒட்டினேன்.

கல்வியியற் கல்லூரியில் பிள்ளையின் சுய வெளிப்பாடு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்தவன் நான். ரபினைப் பற்றி வாசித்த இரவு அந்த வாளிதான் ஞாபகம் வந்தது. புல்டோசர் அனுப்பியவர்களை ஏசுவது லேசு. நான் செய்ததற்குப் புல்டோசர்கூடத் தேவைப்படவில்லை.

அந்தப் படம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அவன் இப்போது சாதாரண தரம் படிக்கிறான். இன்ஷா அல்லாஹ், திங்கட்கிழமை அதை அவன் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். துஆ செய்யுங்கள்.