ஓடந்துறையில் காற்றாலை எங்கே?

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஊட்டி சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஓடந்துறை ஊராட்சி வந்துவிடும். இரு பக்கமும் பாக்குத் தோப்பு, வாழைத் தோட்டம். எதிரே சுவர் போல நீலகிரி மலை. மலை ரயில் பல்சக்கரத் தண்டவாளத்தைப் பிடித்து ஏறத் தொடங்கும் கல்லாறும் பக்கத்தில்தான். இரவில் யானை இறங்கினால் முதலில் போவது வாழை. அதனால் இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெருவிளக்கு எரிவது வெளிச்சத்துக்காக மட்டும் அல்ல, உயிருக்காகவும்தான்.

'சொந்தமாகக் காற்றாலை வைத்திருக்கும் பஞ்சாயத்து' என்று கேள்விப்பட்டு இந்த ஊரைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துத் தேடினால் ஏமாந்துதான் போவார்கள். ஓடந்துறையின் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிற்கிறது. மலையடிவாரத்தில் அதை நிறுத்தியிருந்தால் வேண்டிய காற்று கிடைத்திருக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று நேராக வீசும் இடம் உடுமலைப் பகுதி. ஆனி, ஆடியில் அங்கே தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடும். காற்று இருக்கும் இடத்தில் இயந்திரம், செலவு இருக்கும் இடத்தில் கணக்கு. மைவாடியில் உற்பத்தியாகும் மின்சாரம் மின் வாரியக் கம்பியில் சேர்கிறது. அந்த யூனிட் ஓடந்துறை ஊராட்சியின் கணக்கில் கழிகிறது. ஊருக்குத் தனிக் கம்பி எதுவும் இழுக்கவில்லை.

350 கிலோவாட் காற்றாலை அது. 2006இல் வாங்கியபோது விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் கையிருப்பு 40 லட்சம்; மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். ஒரு கிராம ஊராட்சிக்கு 40 லட்சம் கையிருப்பு எப்படி வந்தது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை. காற்றாலையின் உயரத்தைத்தான் கேட்கிறார்கள்.

1996 முதல் 2006 வரை ஊராட்சித் தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். அவருக்குப் பின் அவருடைய மனைவி லிங்கம்மாள் தலைவரானார். தொடக்கத்தில் ஊரின் பிரச்சினை காற்றாலை அல்ல, குடிதண்ணீர். பவானியிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுத்தம் செய்து குழாயில் விட்டார்கள். தண்ணீர் வந்தது, கூடவே மோட்டாருக்கான கரண்டு பில்லும் வந்தது. தெருவிளக்கும் கூடிக்கொண்டே போனது. நல்ல காரியம் செய்ததாலேயே செலவு ஏறிய கதை இது. சொந்தமாக ஆழ்குழாய் போட்டவர்களுக்கு இது புரியும்.

அந்த பில்லைக் குறைக்க வழி தேடியபோது முதலில் கைக்குக் கிடைத்தது மரக்கழிவு. 2003இல் 9 கிலோவாட் அளவில், மரத்துண்டுகளிலிருந்து வாயு எடுத்து என்ஜினை ஓட்டும் கருவி ஒன்றை வைத்துக் குடிநீர் மோட்டாரை இயக்கினார்கள். மரத்தை முழுதாக எரிய விடாமல், குறைந்த காற்றில் கருக விட்டால் எரியக்கூடிய வாயு வரும். அதை வடிகட்டி என்ஜினுக்குக் கொடுக்க வேண்டும். மரம் ஈரமாக இருந்தால் தார் படியும், என்ஜின் மக்கர் பண்ணும். மரத்தூள், துண்டுகளின் விலை ஏறினாலும் கணக்கு உதைக்கும். அருகில் மர அறுவை மில் இருக்கும் ஊருக்குத்தான் இது பொருந்தும். மற்ற ஊர்கள் பார்த்துவிட்டு அப்படியே போட்டால் கருவி துருப்பிடித்து நிற்கும்.

சிறிதாகச் செய்து பார்த்து, பில் குறைவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் பெரிய கடன் வாங்கினார்கள். காற்றாலை ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் தருகிறது என்றும், ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம் என்றும், மிச்சம் மின் வாரியத்துக்கு விற்கப்படுகிறது என்றும் பல முறை செய்தி வந்திருக்கிறது. 350 கிலோவாட் இயந்திரம் இரவு பகல் நிற்காமல் முழு வேகத்தில் சுற்றினால் ஆண்டுக்கு 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் வர வேண்டும். வருவது அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. காற்று ஐப்பசியில் அடங்கிவிடும். தையில் இறக்கை சும்மா நிற்கும். காற்றாலை, சோலார் விற்க வருகிறவர்கள் சொல்லும் 'கிலோவாட்'டைக் கேட்டு மயங்காமல், வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

இன்னொரு தவறான பேச்சும் இருக்கிறது. 'ஓடந்துறையில் எல்லா வீட்டுக்கும் கரண்டு ஃப்ரீ' என்பார்கள். காற்றாலை தீர்ப்பது ஊராட்சியின் பில்லை, அதாவது தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் செலவை. வீட்டுக்கு வீடு மீட்டர் தனி, பில் தனி. 2011இல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் இங்கே வீடு கிடைத்தவர்களுக்குச் சூரிய ஒளியில் எரியும் 5 விளக்குகளும் கிடைத்தன. அது வேறு திட்டம், அரசுடையது. ஆகவே இந்த ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒரு குடும்பம் தன் வீட்டுக்குக் கொண்டு போகக்கூடியது காற்றாலை அல்ல. கணக்குப் பார்க்கும் வரிசை: எங்கே போகிறது என்று பார்ப்பது, குறைப்பது, மிச்சத்தைச் சேர்ப்பது, கடைசியில் இயந்திரம்.

அந்த வரிசையை ஒரு வீட்டில் வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிக்கட்டு மாதிரி விலை ஏறும். 500 யூனிட் ஒரு வழுக்குப் படி. 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். 510 ஓடினால் 2,030 ரூபாய். கூடுதலாக எரிந்தது பத்தே யூனிட்; கொடுத்தது 305 ரூபாய். 500ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறு யூனிட்டுக்கான குறைந்த விலை கைநழுவிப் போவதுதான் காரணம். அதன் பிறகு விலைகள் ஏறியிருக்கின்றன. ஆகவே பழைய தொகையை விட்டு, தன் வீட்டு யூனிட் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பதே பயன்.

அந்தப் பத்து யூனிட் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் தலைக்கு மேலே. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட். இப்போது வரும் 'பி.எல்.டி.சி.' விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். 27 யூனிட்தான் ஆகும். ஒரு விசிறியில் 40 யூனிட் மிச்சம். விலை இரண்டு மடங்கு வரை இருக்கும் என்பதால் எல்லா அறைக்கும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. இரவு முழுக்கச் சுற்றும் விசிறி எதுவோ அதை மாற்றினால் போதும். வருடத்துக்கு நான்கு நாள் விருந்தாளி வரும் அறைக்குப் பழையதே இருக்கட்டும். சோக் வைத்த பழைய டியூப் லைட்டுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் பாதிக்கு மேல் குறையும்.

கூரையில் சோலார் போடலாமா என்ற கேள்வியும் இங்கேதான் வர வேண்டும், முதலில் அல்ல. 1 கிலோவாட் தகடு நம் ஊர் வெயிலில் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2024இல் தொடங்கிய மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் உண்டு. 3 கிலோவாட்டுக்கு 78,000. ஆனால் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் முடியும் சிறு விவசாயி வீட்டில் பில்லே சில நூறு ரூபாய்தான். அந்த வீடு மானியம் கிடைக்கிறதே என்று கடன் வாங்கித் தகடு போட்டால் வட்டிக்கே போய்விடும். 500 யூனிட்டைத் தாண்டும் வீடு, மாவு மில்லோ தையல் கடையோ வைத்திருக்கும் வீடு போட்டால் கட்டுப்படியாகும். கூரைக்கு மேல் தென்னை நிழல் விழுந்தால் அதுவும் இல்லை.

கரண்டை விடக் குடும்பத்தின் கையைக் கடிப்பது அடுப்பு. 4 மாடு கட்டியிருக்கும் வீட்டில் நாளைக்கு 50 கிலோ சாணம் கிடைத்தால் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் ஓடும். சாணமும் தண்ணீரும் சம அளவு கரைத்து ஊற்ற வேண்டும். 1 கன மீட்டர் சாண வாயு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சிலிண்டர் கேஸுக்குச் சமம். கலன் ஒழுங்காக ஓடினால் பதினாறு பதினேழு நாளில் ஒரு சிலிண்டர் மிச்சம். மார்கழி, தை குளிரில் வாயு குறையும். மலையடிவார ஊர்களில் அந்த இரண்டு மாதத்துக்கு விறகோ சிலிண்டரோ துணைக்கு வேண்டும். மாட்டை மேய்ச்சலுக்கு விடும் வீட்டில் சாணம் பாதி காட்டிலேயே விழுந்துவிடும். அங்கே 4 மாடு போதாது. கலன் கட்டிய பலர் விட்டுவிட்டதற்குக் கலன் காரணமல்ல, மாட்டை விற்றதுதான். வெளியே வரும் கரைசலைக் குழியில் காயவிட்டு வீணாக்காமல் வாய்க்கால் தண்ணீரோடு வாழைக்கும் பாக்குக்கும் விடலாம். களை விதை பெரும்பாலும் முளைக்காது, ஈ மொய்க்காது.

இதில் எதைத் தொடங்குவதாக இருந்தாலும் முதல் வேலைக்கு ஒரு பைசா செலவில்லை. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மீட்டர் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் விட்டால் மறக்காது. இரண்டு மாதத்தில் எட்டு ஒன்பது எண்கள் சேர்ந்துவிடும். எந்த வாரம் ஏறியிருக்கிறது, அந்த வாரம் வீட்டில் எது ஓடியது என்று பார்த்தால் மாற்ற வேண்டிய பொருள் எது என்பது கடைக்காரர் சொல்லாமலே தெரியும்.