கண்ணாடியை வைத்துவிட்டுப் போனவர்

முதுமையில் வீட்டைத் துறந்து வெளியேறுவது நம்மவர்க்குப் புதிதன்று; வானப்பிரஸ்தம் என்று அதற்கோர் ஆசிரமமே வகுத்து, போகிறவருக்கு ஒரு கௌரவத்தையும் இருப்பவர்க்கு ஒரு சமாதானத்தையும் நம் முன்னோர் ஏற்படுத்தி வைத்தார்கள். அத்தகைய ஏற்பாடு ஏதுமில்லாத ரோமாபுரியில், 1987 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவுக்கும் மறுநாள் விடியலுக்கும் இடையே, மோந்தே மாரியோ என்னும் குன்றுப்புறக் குடியிருப்பில் சகோதரருடன் வசித்துவந்த 73 வயதுப் பேராசிரியர் பெதெரிக்கோ காஃபே சந்தடியின்றி எழுந்து போய்விட்டார். அவர் எங்கே போனார் என்பது இன்றளவும் எவருக்கும் தெரியாது.

பெஸ்காரா என்னும் கடற்கரைப் பட்டணத்தில் 1914-இல் பிறந்து, இத்தாலிய மத்திய வங்கியில் உத்தியோகம் பார்த்து, 1959 முதல் ரோம் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரக் கொள்கை போதித்த அவர், பொருளாதார அறிஞர் கீன்ஸின் வழி நின்றவர். வேலையற்றவனையும் நோயாளியையும் வயோதிகனையும் காப்பது தர்மவான்களின் தயவன்று, ராஜாங்கத்தின் கடமை என்று ஆயுள் முழுவதும் வாதாடியவர். அந்த வாதம் பழம்பாணி என்று அறிஞர்கள் நகைக்கத் தொடங்கிய காலத்தில், 1986-இல், அதற்கு ஆதரவாகவே ஒரு நூலும் வெளியிட்டார். விவாகம் செய்துகொள்ளாத அவருக்கு மாணாக்கரே குடும்பம். அக்குடும்பத்தில்தான் மரணம் அடுத்தடுத்துப் புகுந்தது: எட்சியோ தாரந்தெல்லி என்னும் மாணவரை, 1985 மார்ச்சில், வகுப்பு முடித்து வெளியே வந்த வேளையில் பல்கலைக்கழக வளாகத்திலேயே சிவப்புப் படையணி என்னும் பயங்கரவாதக் குழுவினர் சுட்டுக் கொன்றார்கள், மறு ஆண்டில் இன்னொருவர் சாலை விபத்தில் மாண்டார். போதாக்குறைக்கு உத்தியோக ஓய்வும் வந்து சேர்ந்தது. கற்பிப்பதையே சுவாசமாகக் கொண்டவனுக்கு ஓய்வு என்பது எத்தகைய உபகாரம் என்பதை, நம் ஊர்த் திண்ணைகளில் பழைய பத்திரிகையை மூன்றாம் முறையாகப் புரட்டிக்கொண்டிருக்கும் பள்ளி ஆசிரியர்களைக் கண்டவர்கள் அறிவார்கள்.

கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, சாவி, அடையாளப் பத்திரங்கள் ஆகியவற்றை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். இந்தச் சிறு பொருள்களிடமே என் மனம் திரும்பத் திரும்பச் செல்கிறது. சாவியை வைத்தவர் திரும்பும் உத்தேசமற்றவர் என்பதும், பத்திரங்களை வைத்தவர் தம் பெயரையே களைந்தவர் என்பதும் எளிதில் விளங்கும். ஆனால் வாழ்நாளெல்லாம் படிப்பும் எழுத்துமாக இருந்த ஒருவர் கண்ணாடியை விட்டுச் செல்வதென்றால், இனிப் படிக்க வேண்டியது ஒன்றுமில்லை என்று அவர் தீர்மானித்துவிட்டார் என்றல்லவா கொள்ள வேண்டியிருக்கிறது?

மாணாக்கர்கள் குன்றின் சரிவுகளிலும் பூங்காக்களிலும் புதர் புதராகத் தேடினார்கள், போலீஸாரும் தேடினார்கள். தற்கொலை என்றனர் சிலர். அவர்கள் கணிப்பில், பிரேதம் எவர் கண்ணிலும் படலாகாதென்று அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஏதோ ஒரு மடாலயத்தில் பெயர் மாற்றிக்கொண்டு ஜீவித்திருக்கிறார் என்றனர் வேறு சிலர். மடாலயக் கதை எனக்கு ஒப்பவில்லை. பிறர் தயவில் முதியோர் வாழ்வதை அவமானமாகக் கருதிய மனிதர், கடைசியில் துறவிகளின் தயவை நாடியிருப்பார் என்று நம்புவது கடினம். ஆயினும் தங்கள் ஆசான் எங்கேனும் ஒரு தோட்டத்தில் காய்கறிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதாக எண்ணி ஆறுதல் அடைந்தவர்களிடம் போய் வாதாட நான் துணியமாட்டேன்.

சட்டத்துக்கு இத்தகைய தாட்சண்யம் கிடையாது. ஏழாண்டுகள் செய்தியற்றுப் போனவனை இறந்தவனாக அனுமானிக்கலாம் என்பது நம் நாட்டு விதி. இத்தாலியச் சட்டம் பத்தாண்டுகள் பொறுக்கிறது. அப்படியே 1998-இல் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது. அதற்கு முன்பே, 1992-இல், எர்மான்னோ ரேயா என்னும் எழுத்தாளர் இந்த மறைவை ஆராய்ந்து ஒரு நூல் எழுதிவிட்டார். ரோமின் மற்றொரு பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பிரிவுக்குக் காஃபேயின் பெயரையே சூட்டினார்கள். மாணாக்கருள் மாரியோ திராகியும் இன்யாசியோ விஸ்கோவும் ஒருவர் பின் ஒருவராக மத்திய வங்கியின் தலைமைக்கு வந்தார்கள். திராகி பிராங்க்பர்ட்டில் ஐரோப்பிய மத்திய வங்கியையும் நடத்தி, 2021-இல் பிரதம மந்திரியாகவும் ஆனார். பங்குச் சந்தையைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த ஆசான், சீடரின் காரியங்களுக்கு எத்தனை மதிப்பெண் போட்டிருப்பார் என்பது பற்றி இத்தாலியப் பொருளாதாரிகளிடையே அபிப்பிராய பேதம் உண்டு; தாராளமாகப் போட்டிருக்கமாட்டார் என்பது என் கட்சி.