மருத்துவர் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது

 

கடையநல்லூரில் ஒரு வீட்டில் பெரியவர் நோயுற்றால் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மகனின் அழைப்பு வந்துவிடும். “செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம், எல்லாப் பரிசோதனைகளையும் எடுத்துவிடுங்கள்” என்பான். அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது. அருகிலிருந்து பணிவிடை செய்ய இயலாத மனத்தின் வேதனையும் இருக்கிறது. ஆனால் அன்பு கேட்பதையெல்லாம் செய்துவிடுவது மருத்துவம் ஆகாது.

எங்கள் தெருவைச் சேர்ந்த 78 வயதுப் பெரியவர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு முழு உடல் பரிசோதனை செய்தார்கள். புராஸ்டேட் சுரப்பி தொடர்பான பி.எஸ்.ஏ. அளவு சற்று கூடியிருந்தது. அவருடைய மகன் என்னிடம் ஓதியவர், துபாயில் பணிபுரிகிறார். அவர் கேட்டுக்கொண்டதால், பெரியவரை நிபுணரிடம் நானே அழைத்துச் சென்றேன்.

அந்த மருத்துவர் நிதானமாகக் கேள்விகள் கேட்டார். சிறுநீர் தடையின்றிப் போகிறதா, எலும்பில் வலி உண்டா, இதய நோய்க்கு என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார் என்று விசாரித்தார். சில வாரங்கள் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்துப் பார்த்தார். புற்றுநோய் நிபுணர் ஒருவரையும் பெரியவரின் இதய மருத்துவரையும் கலந்து பேசினார். பிறகு சொன்னார்: “திசுப் பரிசோதனையில் புற்று என்றே வந்தாலும், இப்போதைய நிலையில் இவருக்கு நான் சிகிச்சை தொடங்கப் போவதில்லை. முடிவை மாற்றாத ஒரு விடைக்காக இவரை ஏன் துன்புறுத்த வேண்டும்? ஆறு மாதத்திற்கு ஒருமுறை வாருங்கள். வலியோ அடைப்போ வந்தால் உடனே வாருங்கள்.”

செய்தியைக் கேட்ட மகன் கலங்கிப்போனார். “ஹஜ்ரத், வயதாகிவிட்டது என்று அத்தாவைக் கைவிட்டுவிட்டார்களா?” என்றார். நம்மில் பலருடைய உள்ளத்திலும் இருக்கும் கேள்விதான் இது.

அது கைவிடல் அன்று. பிரிட்டனில் 50 முதல் 69 வயது வரையிலான ஆண்களில், சுரப்பிக்குள் மட்டும் புற்று கண்டறியப்பட்ட 1,643 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு அறுவை சிகிச்சை. ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சு. மற்றொரு பிரிவினருக்குத் தொடர் கண்காணிப்பு. சுமார் 15 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, எந்தப் பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவில்தான் இருந்தார்கள். 2023இல் வெளியான முடிவு இது. அறுவை செய்துகொண்டோரிடம் சிறுநீர்க் கசிவு அதிகமாக இருந்தது. எல்லாப் புராஸ்டேட் புற்றும் இப்படி மெல்ல வளர்வதில்லை. விரைந்து பரவும் வகையும் உண்டு. எவருக்குப் பொறுத்திருக்கலாம், எவருக்கு விரைய வேண்டும் என்று பிரித்தறிவதற்கே நிபுணர் தேவைப்படுகிறார்.

அப்படியென்றால் பரிசோதனையே வீண் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். செங்கோட்டை வழியாக மலை கடந்து நம் பகுதி மக்கள் செல்லும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் ஆய்வு ஒன்று இதற்குச் சான்று. 1996இல் தொடங்கி, 13 ஊராட்சிகளில் 35 வயதைக் கடந்தவர்களிடையே நடந்தது. சில ஊராட்சிகளில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைப் பார்வையிட்டார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அத்தகைய உறுதியான பயன் தென்படவில்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒரே ஒரு முறை செய்த எளிய கருப்பைவாய்ப் பரிசோதனையால், அந்தப் புற்றால் நேரும் மரணம் 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் அறிவித்தார்கள். உரியவருக்கு உரிய நேரத்தில் செய்யும் பரிசோதனை உயிர் காக்கிறது. இவற்றில் நம் வீட்டுப் பெண்கள் கூச்சத்தால் பின்வாங்குவதும், பயனில்லாத ஸ்கேனுக்கு நாம் பணம் கொட்டுவதும் ஒருசேர நடக்கின்றன என்பதே என் கவலை.

கடினமான முடிவுகளை நல்ல நிபுணர்கள் தனித்து எடுப்பதில்லை. பெரிய புற்றுநோய் மையங்களில் அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், மருந்து நிபுணர், திசுவை ஆராய்பவர், ஸ்கேனைப் படிப்பவர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து ஒரே நோயாளியைப் பற்றி விவாதிக்கிறார்கள். மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த மஷ்வராவின் ஒரு வடிவமாகவே நான் அதைக் காண்கிறேன். 2012இல் உருவான தேசியப் புற்றுநோய் வலைப்பின்னல் என்னும் மருத்துவமனைக் கூட்டமைப்பின் சார்பில், தவிர்க்க வேண்டிய பத்து நடைமுறைகளின் பட்டியல் 2019இல் வெளியாயிற்று. நோய் திரும்பியதை முன்கூட்டி அறிவதால் ஆயுளோ வாழ்வின் தரமோ கூடாது எனும் நிலையில், அறிகுறியற்றவருக்குப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்பது அவற்றுள் ஒன்று.

நாம் மதரஸாவில் படிக்கும் ஒரு பாடம் இங்கே நினைவுக்கு வருகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், தீங்கை நீக்கும் காரணங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். தாகத்திற்குத் தண்ணீர்போல உறுதியானது. மருந்துபோலப் பெரிதும் எதிர்பார்க்கத்தக்கது. சூடு போடுவதுபோல வெறும் ஊகமானது. உறுதியானதைக் கைவிடுவது தவக்குல் ஆகாது. மரண அச்சம் இருக்கும்போது அது ஹராம். எதிர்பார்க்கத்தக்கதை மேற்கொள்வது தவக்குலுக்கு முரணன்று. அதை விடுவதும் தடுக்கப்பட்டதன்று. தமக்கு முன் இருக்கும் சிகிச்சை இம்மூன்றில் எந்தப் படியில் நிற்கிறது என்பதை ஒரு குறிப்பிட்ட நோயாளிக்காக எடைபோடுவதே நிபுணரின் அமானிதம். மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்த நபி (ஸல்) அவர்கள், முதுமைக்கு மட்டும் மருந்தில்லை என்பதையும் உணர்த்தினார்கள் என்று அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் காண்கிறோம்.

இவற்றையெல்லாம் அந்த மகனிடம் எடுத்துச் சொன்னேன். சந்தேகம் தீராவிட்டால் வேறொரு நிபுணரிடமும் கேட்பது உங்கள் உரிமை என்றேன். கேட்டார், இரண்டாமவரும் அதையே சொன்னார். இரண்டு முறை காண்பித்தாகிவிட்டது. பெரியவர் இன்றும் ஃபஜ்ருக்கு நடந்தே வருகிறார். நாளை நிலை மாறலாம். மாறினால் முடிவும் மாறும்.

மருத்துவர் முன் அமரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பரிசோதனையின் விடை, சிகிச்சையை மாற்றுமா? இதனால் வரக்கூடிய நன்மை என்ன, தீங்கு என்ன? இப்போது செய்யாமல் பொறுத்திருந்தால் என்ன ஆகும்? நோயாளி சுயநினைவுடன் இருந்தால், இவற்றை அவரை வைத்துக்கொண்டே கேளுங்கள்; உடல் அவருடையது. அவர் விருப்பம் அறியாமல் அயல்நாட்டிலிருந்து தொலைபேசியில் முடிவெடுக்க வேண்டாம்.

நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், மருத்துவர்களுக்குத் தெளிவையும், நமக்குப் பொறுமையையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.