என் தம்பியும் என் பாடக் கொப்பிகளும்

மூத்த பெண்பிள்ளையாகப் பிறந்த சகோதரிகளுக்கு இது புதுக் கதையல்ல. வீட்டில் ஒரு குழப்படிக்காரத் தம்பி இருந்தால், அவன் செய்வதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவள் அக்காதான். "அவன் சின்னவன், நீதான் பொறுக்க வேணும்" என்பதை எட்டு வயதிலிருந்து கேட்டவள் நான்.

நாங்கள் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தவர்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்து, ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அப்போது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அந்த நாட்களில் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோரைப் போல நாங்களும் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் ஆறு வருடம் இருந்தோம். 1996இல் உம்மா வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதிக்குப் போனார். வாப்பா கூலி வேலைக்காகப் புத்தளத்திலேயே நின்றுவிட்டார். எங்கள் இருவரையும் கெலிஓயாவில் சாச்சியின் வீட்டில் விட்டார்கள்.

கெலிஓயா பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையில், மகாவலிக்குப் பக்கத்தில் உள்ள ஊர். பச்சைப் பசேலென்ற இடம். ஆனால் புத்தளத்து வெயிலில் ஒரு மணித்தியாலத்தில் காய்கிற துணி இங்கே மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். இதை ஏன் சொல்கிறேனென்றால், பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலும் என் தம்பி படுக்கையை நனைத்தான். சுபஹுக்கு முன்பே எழும்பி அவனுடைய விரிப்பைத் துவைத்து, அடுப்படிப் பக்கம் யாருக்கும் தெரியாமல் காயப்போடுவது என் வேலை. அந்தப் புகை மணத்தோடுதான் பாடசாலைக்குப் போவேன்.

பகலில் அவன் வேறு ஆள். சாச்சியின் பிள்ளைகளை அடிப்பான், பாணை எடுத்துத் தலையணைக்குள் ஒளிப்பான், பாடசாலைக்கென்று போய் ஆற்றங்கரையில் இருப்பான். லொத்தர் விற்கும் வான் ஒலிபெருக்கியோடு வீதியில் வந்தால் மாத்திரம் அவனுடைய வீரமெல்லாம் போய்விடும். ஓடிவந்து தன் உடுப்புகளைப் பையில் திணிப்பான். வீட்டார் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1998 ஜனவரி 25ஆம் திகதி கண்டி தலதா மாளிகைக்குக் குண்டு வைத்த செய்தி வந்தபோது நோன்பு காலம். அன்று முழுவதும் அவன் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டே இருந்தான். "தாத்தா, இங்கேயிருந்து எப்ப போகச் சொல்லுவாங்க?" என்று கேட்டான். (எங்கள் பேச்சில் அக்காவுக்குத் தாத்தா என்று பெயர்.)

அந்த வருடம் டிசம்பரில் எனக்குச் சாதாரண தரப் பரீட்சை. வகுப்புப் பிள்ளைகள் ரியூசன் முடிந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போவார்கள். நான் போனதில்லை. மஃரிபுக்கு முன் நான் வராவிட்டால் தம்பி பஸ் தரிப்பிடத்தில் வந்து நின்று அழுவான். பதின்மூன்று வயதுப் பையன் வீதியில் நின்று அழுதால் ஊர் என்ன சொல்லும்? ஓகஸ்ட் மாதம் ஒரு நாள் என் விஞ்ஞானக் கொப்பிகள் இரண்டையும் கிழித்துப்போட்டான். நான் படித்து முடித்துக் கலியாணம் கட்டிப் போய்விடுவேன் என்று யாரோ பகிடியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சாச்சி அன்றிரவு, இவனை அநாதை இல்லத்தில் சேர்ப்போம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்து பிள்ளைகளோடு எங்களையும் தாங்கியவர். ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவனைப் பொறுத்துக்கொண்டே இருக்கவும் இனி முடியாது என்று அதே மூச்சில் சொன்னேன். அது நான் முதல் முறையாக வாய் திறந்து சொன்னது.

என் வகுப்பாசிரியை எங்களைப் பேராதனை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனார். சலத்தில் கிருமியோ சீனியோ இருக்கிறதா என்று முதலில் சோதித்தார்கள். ஒன்றுமில்லை. நின்றுபோன பழக்கம் பயத்தினாலும் இழப்பினாலும் திரும்பவும் தொடங்கலாம், அது சோம்பலுமல்ல, திமிருமல்ல என்று வைத்தியர் விளக்கினார். ஏச வேண்டாம், படுக்கும் முன் கழிப்பறைக்குப் போகச் சொல்லுங்கள், விரிப்பை அவனே துவைக்கட்டும், அதைத் தண்டனையாகச் செய்யாதீர்கள் என்றார். யுத்தத்தில் அகப்பட்ட தமிழ் மக்களின் மனக்காயங்களைப் பற்றி யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் அதே 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார் என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பின்புதான் தெரியவந்தது.

விரிப்பு அவன் கைக்குப் போனது. மஃரிபிலிருந்து இஷா வரை என் படிப்பு நேரம், அதில் யாரும் குறுக்கிடக்கூடாது என்று சாச்சியே அறிவித்தார். கிழித்த கொப்பிகளை அவனே உட்கார்ந்து திரும்ப எழுதினான், ஒரே எழுத்துப்பிழை! படுக்கை நனைவது நிற்க இன்னும் ஒரு வருடம் எடுத்தது. கோபம் அதைவிட நாளெடுத்தது.

2009க்குப் பின் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்த பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் பேசக் கேட்டிருக்கிறேன். பாண் ஒளிப்பது, விரிப்பு நனைப்பது, சத்தத்துக்கு ஓடுவது எல்லாம் அதேதான். அந்த வீடுகளில் ஒரு மூத்த பெண்பிள்ளையும் இருப்பாள். அவளுடைய கொப்பியையும் கொஞ்சம் பாருங்கள். ஆலோசனை வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். எங்கள் காலத்தில் அப்படியொன்றை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

தம்பிக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. கம்பளையில் கடை வைத்திருக்கிறான். யாழ்ப்பாணத்துக் காணியை விற்க வேண்டும் என்கிறான், நான் விடமாட்டேன் என்கிறேன். போன வாரமும் தொலைபேசியில் ஏசிவிட்டு வைத்தான். நானும் நன்றாக ஏசினேன்.