கடலை மிட்டாய்க் கணக்கு

கோவில்பட்டிக்குப் போகிறேன் என்று வீட்டில் வாயைத் திறந்து சொன்னது என் தவறுதான். பெட்டியில் நாலு சட்டையை மடித்து வைப்பதற்குள், நமக்கு ஒரு கிலோ, பக்கத்து வீட்டு மாமிக்கு அரைக் கிலோ, மாடி வீட்டுக்காரர்களுக்கு அரைக் கிலோ என்று ஜாபிதா தயாராகி விட்டது.

"கடலை மிட்டாய்தானே? சென்னையிலேயே கிடைக்கிறதே!" என்றேன்.

"கிடைக்கிறது, கொள்ளை விலைக்கு! உற்பத்தியாகிற இடத்தில் பாதிக்குக் கொடுப்பார்கள். நீங்கள் சொன்ன விலையைக் கொடுத்து விட்டு வந்து நிற்காதீர்கள். கொஞ்சம் பேரம் பேசுங்கள்" என்று உத்தரவாயிற்று. என்னுடைய பேரத் திறமையைப் பற்றி என் மனைவிக்கு நல்ல அபிப்பிராயம் என்றைக்குமே இருந்தது கிடையாது.

இரவு எழும்பூரில் ரயில் ஏறிப் படுத்தால், விடிகிற சமயத்தில் கோவில்பட்டி வந்து விடுகிறது. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே, கரிசல் காட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர். முன்பு திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1986 முதல் தூத்துக்குடி மாவட்டம். தீப்பெட்டிக்குப் பெயர் போன இடம். ஹாக்கி மட்டை பிடிக்காத பையன்கள் இங்கே குறைவு. கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்ற இரண்டு பெரிய எழுத்தாளர்களைப் பெற்ற இடைசெவல் கிராமம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரே சிற்றூரில் இரண்டு சாகித்திய அகாதமிப் பரிசு! அதைப் பற்றி வேறொரு சமயம் எழுதுகிறேன். இப்போது மிட்டாய்க்கு வருவோம்.

பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தேன். எந்தக் கடையைப் பார்த்தாலும் 'அசல்' என்றும் 'ஒரிஜினல்' என்றும் போர்டு தொங்குகிறது. 'நாங்கள் போலி' என்று ஒருவராவது எழுதி வைக்க மாட்டாரா என்று தேடினேன். அகப்படவில்லை. ஓரிடத்தில் விலை மிக மலிவாக இருந்தது. ஒரு பாக்கெட் வாங்கிப் பிரித்தேன். கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தது. கடித்தேன். இனிப்பு இருந்தது; வேறொன்றும் இல்லை. வெல்லத்தின் மணமில்லை, லேசாக நாக்கின் ஓரத்தில் படும் அந்தக் கரிப்பும் இல்லை. கடலை வேறு காறல் அடித்தது.

நண்பர் ஒருவர் கொடுத்த அடையாளத்தை வைத்துக் கொண்டு, பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் நுழைந்தேன். அடையாளமே வேண்டியிருக்கவில்லை. வெல்லப் பாகின் வாசனை கையைப் பிடித்து அழைத்துச் சென்று விட்டது.

முன்னால் சின்னக் கடை; பின்னால் பட்டறை. முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். எல்லோரையும் போல நானும் 'அண்ணாச்சி' என்றே அழைத்தேன். அவருடைய மனைவி கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்த ஊர் வழக்கப்படி அவர் எனக்கு 'மதினி' ஆனார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. முதல்ல வேலையைப் பாருங்க, அப்புறம் பேசுவோம்" என்று அண்ணாச்சி என்னைப் பட்டறைக்குள் அழைத்துப் போனார்.

உள்ளே ஒரு பக்கம் மணலோடு கடலை வறுபட்டுக் கொண்டிருந்தது. வறுத்து ஆறிய கடலையைத் தேய்த்துத் தோலை ஊதி விட்டு, பருப்பை இரண்டாக உடைத்துச் சுளகில் கொட்டுகிறார்கள். ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பொறுக்குகிறார்கள். கருத்தது, சுருங்கியது, பூசணம் பட்டது எல்லாம் தனிக் கூடைக்குப் போகிறது. பூசணம் பிடித்த கடலையில் நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அது முழுவதும் போகாது. பாகில் போட்டு மூடி விட்டால் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. அந்தக் கூடையை எட்டிப் பார்த்தேன். கொஞ்சநஞ்சமில்லை, கால் கூடைக்கு மேல் இருந்தது.

"இதையெல்லாம் என்ன செய்வீர்கள்?"

"குப்பைதான். இதையும் விலைக்கு வாங்க ஆள் வருவான். யாருக்குப் போய் என்னவாகும்னு நமக்குத் தெரியாதுல்ல? அதனாலே குடுக்கறதில்லே."

அடுப்பில் வெல்லம் கரைந்து கொண்டிருந்தது. தேனிப் பக்கத்து வெல்லம். குழாயில் வருவது தாமிரவருணித் தண்ணீர். கடலை, கோவில்பட்டி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் விளைந்தது. இந்த மூன்றையும் சொல்லித்தான் இவ்வூர் மிட்டாய்க்கு 2020-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறார்கள். ஆதியில் இது கருப்பட்டிப் பாகில் செய்து திருவிழாவில் விற்கிற பண்டமாம். 1940-களில் பொன்னம்பல நாடார் என்பவர், இதே பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தவர், கரும்பு வெல்லத்தில் செய்து பார்த்தார் என்றும், அதிலிருந்துதான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்றும் சொல்கிறார்கள்.

கரைந்த வெல்லத்தை வடிகட்டி, மண்ணும் கல்லும் நீக்கி, மறுபடியும் கொதிக்க விடுகிறார்கள். பாகு மாஸ்டர் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டார். உருட்டித் தட்டில் போட்டார். 'டக்'கென்று சத்தம். அவ்வளவுதான், கடலையைக் கொட்டிக் கிளற வேண்டியது. ஒரு நிமிஷம் முந்தினால் பல்லில் ஒட்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் கசக்கும். வெந்த கலவையைப் பலகையில் கொட்டி, உருட்டுக் கட்டையால் பரப்பி, சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டு விடுகிறார்கள். வேடிக்கை பார்க்கிற நமக்குத்தான் மிட்டாய். அவர்களுக்கு நெருப்பு.

கடைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தோம். நான் மெதுவாகப் பேரத்தை ஆரம்பித்தேன். பஸ் நிலையத்துப் பாக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்து, "இது உங்களுடையதில் பாதி விலைதானே, அண்ணாச்சி?" என்றேன்.

அவர் கோபித்துக் கொள்ளவில்லை. ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குளுக்கோஸ் பாகு. மக்காச் சோள மாவிலேயோ மரவள்ளி மாவிலேயோ எடுக்கறது. விஷமில்லே, பாத்துக்கிடுங்க. மிட்டாய் மழையிலே நசநசக்காம இருக்கறதுக்குக் கொஞ்சம் சேக்கறவங்க உண்டு. ஆனா இதுலே கொஞ்சமில்லே, பூரா அதுதான். மேலே என்ன போட்டிருக்கு, பாருங்க."

பார்த்தேன். கொட்டை எழுத்தில் 'சுத்தமான வெல்லம்' என்று இருந்தது. பின்னால், எறும்பு எழுத்தில், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலில் முதலிலேயே குளுக்கோஸ்! எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். சகோதரிகள் கடையில் எந்தத் தின்பண்டம் வாங்கினாலும் பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டு விட்டுப் பின்பக்கத்தைப் படிக்கலாம்.

"அதுலே இவுக மட்டும் என்ன லேசுப்பட்டவுகளா?" என்றார் மதினி, நோட்டிலிருந்து நிமிராமலே.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். பிறகு சொன்னார்.

நாலைந்து வருஷத்துக்கு முன்பு கடலை விலை ஏறியது. 100 கிலோ தோட்டோடு வாங்கினால் பருப்பாகத் தேறுவது 70 கிலோதான். அதிலும் வறுவலில், தோலில், பொறுக்கலில் கொஞ்சம் கழியும். ஆகவே கடலை ஒரு ரூபாய் ஏறினால் மிட்டாய்க்காரனுக்கு ஒரு ரூபாயோடு நிற்பதில்லை. வெல்லமும் ஏறியது, விறகும் ஏறியது. அப்போது ஒரு வியாபாரி வந்து குளுக்கோஸ் பீப்பாயை இறக்குகிறேன் என்றான். படித்து விட்டு வந்திருந்த மகனும், "ஊரே செய்கிறது, அப்பா" என்றான்.

"ஒரு வாரம் போட்டேன், தம்பி. பாதி வெல்லம், பாதி அது. நல்ல லாபம். பொய் சொல்ல மாட்டேன், ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கூட வந்து கேக்கலே. 'மிட்டாய் இப்போ பளிச்சுன்னு இருக்கு அண்ணாச்சி'ன்னு ரெண்டு பேர் பாராட்டிட்டும் போனாங்க."

"பிறகு ஏன் நிறுத்தினீர்கள்?"

"லேபிள் ஒட்டற பிள்ளை ஒண்ணு இருக்கு. எட்டாவது படிச்ச பிள்ளை. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ வந்து, 'அண்ணாச்சி, பழைய லேபிளையேவா ஒட்டணும்?'னு கேட்டுச்சு. குத்தமாக் கேக்கலே. மெய்யாவே தெரியாமத்தான் கேட்டுச்சு. பழைய லேபிள்ல நிலக்கடலை, வெல்லம்னுதான் இருக்கும். எனக்குப் பதில் வரலே. 'ஒட்டு'ன்னு சொல்ல வேண்டியதுதானே? வாய் வரலியே!"

மீதியிருந்த மிட்டாய்க்குக் 'குளுக்கோஸ் கலந்தது' என்று சீட்டு எழுதி வைத்து, விலையைக் குறைத்து விற்றாராம். வேடிக்கை என்னவென்றால் அதுவும் விற்று விட்டது! பிறகு பழைய பாகுக்கே திரும்பி, விலையை ஏற்றினார். வழக்கமாகச் சரக்கு எடுத்த இரண்டு கடைக்காரர்கள் நின்று போனார்கள். ஒருவர் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். மற்றவர் இன்று வரை வரவில்லை.

"விலையை ஏற்றாமல் துண்டைச் சிறிதாக்கியிருக்கலாமே?" என்று கேட்டேன். பிஸ்கட்டிலிருந்து சோப்பு வரை அதுதானே இப்போது நாகரிகம்!

அண்ணாச்சி விளக்கு மாடத்திலிருந்த தீப்பெட்டியை எடுத்து என் முன் வைத்தார். "நம்ம ஊருச் சரக்கு. இவங்க செஞ்சதைப் பாருங்க."

அவர் சொன்னது உண்மைதான். 2007-இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாய் ஆன தீப்பெட்டி, 14 வருஷம் அதே விலையில் நின்றது. மெழுகும் அட்டையும் மருந்துச் சாமானும் ஏறிக் கொண்டே போயின. 2021 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இரண்டு ரூபாய் என்று தீப்பெட்டிக்காரர்கள் எல்லாரும் கூடிப் பகிரங்கமாக அறிவித்தார்கள். ஆனால் பெட்டிக்கு 36 குச்சி என்றிருந்ததை 50 ஆக்குவதாகவும் சேர்த்துச் சொன்னார்கள்.

"இரட்டிப்பு விலைக்கு இரட்டிப்புக் குச்சி இல்லே. அது கட்டாது. ஆனா சொல்லிட்டு ஏத்தினாங்க, நீங்க எண்ணிப் பாத்துக்கிடலாம். துண்டைச் சிறுசாக்கறது வேற. வாங்கறவன் கண்ணு அசந்த நேரம் பாத்து அவன் பையிலே கையை விடற மாதிரி."

இப்படி அவர் பேசப் பேச எனக்கு ஒரு மகாத்மாவின் சன்னிதியில் உட்கார்ந்திருப்பது போலத் தோன்ற ஆரம்பித்து விட்டது. மதினி நல்ல வேளையாக அதைக் கலைத்தார்.

"தம்பி, கணக்கு என்கிட்ட இருக்கு. நூறு ரூவா வியாபாரத்துலே எங்களுக்கு நிக்கது பத்து, நல்ல மாசம்னா பன்னெண்டு. அது போதும். குடும்பம் நடக்கு, பிள்ளை படிச்சிட்டான். ஆனா இந்தப் பக்கத்தைப் பாருங்க." நோட்டை என் பக்கம் திருப்பினார். கடலை, வெல்லம், விறகு, பாக்கெட் காகிதம் என்று பத்தி பத்தியாக இருந்தது. ஒவ்வொன்றிலும் அடித்து அடித்துப் புது விலை எழுதியிருந்தது. ஒரு பத்தியில் மட்டும் அடித்தல் மிகக் குறைவு. தலைப்பு: 'கூலி'.

"மிட்டாய் விலையை மூணு தடவை ஏத்தினாக. பொறுக்குத பொம்பளையளுக்கு ஒரு தடவைதான். வாங்க வாரவுககிட்ட நியாயம் பேசுதாக. சுளகு பிடிக்கவளுக்கு யாரு பேச?"

கடையில் சிறிது நேரம் சத்தமில்லை. உள்ளேயிருந்து கடலை பொறுக்கும் சலசலப்பு மட்டும் கேட்டது.

"தீபாவளிக்கு ஏத்தறேன்னு சொல்லிருக்கேன்லா?" என்றார் அண்ணாச்சி.

"போன தீபாவளிக்கும் சொன்னீக."

விருந்தாளி எதிரில் வந்த வினையைச் சமாளிக்க, நான் அவசர அவசரமாக வேறு கேள்வி கேட்டேன். சென்னையில் ஒரு பெரிய கடையில் இதே மாதிரி மிட்டாயை ஓலைப் பெட்டியில் வைத்து, ரிப்பன் கட்டி, மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்களே, அது பேராசை இல்லையா என்றேன். அண்ணாச்சிக்கு அதில் வருத்தமே இல்லை. அந்தக் கடைக்காரர்களுக்கு வாடகை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, பெட்டி இருக்கிறது; வாங்குகிறவர் பெட்டிக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார், அது அவர் இஷ்டம் என்றார். மதினி மட்டும், "அந்த ஓலைப் பெட்டி முடைஞ்சவளுக்கு எவ்வளவு குடுத்தாகளாம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சென்னை திரும்பியதும் விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

ரயிலுக்கு நேரமாயிற்று. இரண்டு கிலோ கேட்டேன். அண்ணாச்சி தராசில் வைத்தார். முள் சரியாக நின்றது. விலையைச் சொன்னார். பேரம் பேச வாயைத் திறந்தவன், கூலிப் பத்தி ஞாபகத்துக்கு வர, மூடிக் கொண்டேன். சொன்ன தொகையைக் கொடுத்தேன். மதினி ஒரு காகிதத்தில் உடைந்த துண்டுகளை இரண்டு கை அள்ளிப் பொட்டலம் கட்டி, என் பைக்குள் வைத்தார்.

"அதை நோட்டுலே எழுது" என்றார் அண்ணாச்சி.

"எழுதாமலா? உங்க பேருலே எழுதுதேன்" என்றார் மதினி.

மறுநாள் காலையில் என் மனைவி பையைப் பிரித்தாள். பாக்கெட்டுகளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். விலையைக் கேட்டாள். சொன்னேன். முகம் சுருங்க ஆரம்பிக்கிற நேரத்தில், அடியில் கிடந்த பொட்டலம் கையில் தட்டுப்பட்டது.

"இதென்ன?"

"கொசுறு."

"பரவாயில்லையே! பேரம் பேசக் கூடக் கற்றுக் கொண்டு விட்டீர்களே!" என்று ஒரு துண்டை வாயில் போட்டுக் கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமிக்கு உரிய அரைக் கிலோவை எடுத்துக் கொண்டு கீழே இறங்கினேன்.